கிரிப்டோவைப் பத்திரமாகத் தொலைப்பது எப்படி?

ஹார்டுவேர் வாலட் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டீர்கள். மகிழ்ச்சி. மைத்துனர் ஆறு மாதமாக நச்சரிக்கிறார். யூடியூபில் ஒரு தம்பி, சாவி உன் கையில் இல்லாவிட்டால் காசும் உன்னுடையதில்லை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார். போதாக்குறைக்கு 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் ஒரே நாளில் காணாமல் போய், வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் ஒப்பாரி. நம் காசைத் தொலைக்கும் வேலையை அடுத்தவரிடம் ஏன் விட வேண்டும்? நாமே செய்துகொள்ளலாமே. அதற்கான முழு வழிகாட்டி இது.

முதல் காரியம், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முயலாதீர்கள். பார்ப்பதற்குப் பென்டிரைவ் மாதிரி இருக்கும். உங்கள் பிட்காயின் அதற்குள்தான் குடியிருக்கிறது என்று நம்பி, பட்டுத்துணியில் சுற்றி, பீரோ லாக்கரில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள். உண்மையில் காயின் என்பது உலகெங்கும் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களில் பதிவாகியிருக்கும் கணக்கு வரி. பெட்டிக்குள் இருப்பது அந்த வரியை மாற்றக் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி. பணம் அனுப்பும்போது விவரம் உள்ளே போகும், அங்கேயே கையெழுத்தாகி வெளியே வரும், சாவி மட்டும் வெளியே வராது. வைரஸ் பிடித்த லேப்டாப்பில் செருகினாலும் சாவி தப்பித்துவிடும். 2014-ல் பிராக் நகரத்து சடோஷிலேப்ஸ் நிறுவனம் ட்ரெசார் என்ற பெயரில் இப்படி ஒன்றை முதன்முதலில் விற்றபோது யோசனை இவ்வளவுதான். இன்றைக்கும் இவ்வளவுதான். இது புரிந்துவிட்டால், பெட்டி தொலைந்தாலும் காசு தொலையாது, புதுப் பெட்டி வாங்கி, பழைய பெட்டி ஆரம்பத்தில் காட்டிய மீட்புச் சொற்களைப் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்பதும் புரிந்துவிடும். அப்புறம் பட்டுத்துணிக்கு வேலையில்லை.

அடுத்து, எந்த பிராண்டு? இதற்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள், வேறு எதற்கும் நேரம் மிஞ்சக் கூடாது. பிரான்ஸின் லெட்ஜர் ரசிகர்கள், பாஸ்போர்ட்டிலும் பேங்க் கார்டிலும் இருக்கிற வகைப் பாதுகாப்பு சிப் எங்களிடம் உண்டு என்பார்கள். ட்ரெசார் ரசிகர்கள், எங்கள் மென்பொருளை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம், அவர்களுடையது மூடுமந்திரம் என்பார்கள். கனடாவின் கோல்டுகார்டு ஆட்கள், பிட்காயின் தவிர மற்றதெல்லாம் காயினே இல்லை என்று எழுந்து போய்விடுவார்கள். எல்லோரிடமும் ஆதாரம் இருக்கிறது. 2020 ஜனவரியில் கிராக்கன் நிறுவனத்து ஆய்வாளர்கள், அன்றைய ட்ரெசார் கையில் கிடைத்தால் 15 நிமிடத்தில் உள்ளே இருப்பதை உருவிவிடலாம் என்று செய்து காட்டினார்கள்; கூடுதலாக பாஸ்ஃபிரேஸ் என்ற ரகசியச் சொல் ஒன்று வைத்திருந்தால் பயமில்லை என்றும் சொன்னார்கள். 2023 மே மாதம் லெட்ஜர் ஒரு திட்டத்தை அறிவித்தது: மாதம் 9.99 டாலர் கட்டினால் உங்கள் சாவியைத் துண்டாக்கி மூன்று நிறுவனங்களிடம் வைத்துக் காப்போம். சாவி வெளியே வரவே வராது என்று நம்பி வாங்கிய பெட்டி அது. வாங்கியவர்கள் கொதித்தார்கள். விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்தால் போதும் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது.

என்னைக் கேட்டால், பெயர் பெற்ற கம்பெனிகளின் பெட்டியில் எதை எடுத்தாலும் பழுதில்லை. சிப்பை உடைத்துத் திருடும் அளவுக்கு மெனக்கெடுகிறவர் நம் தெருவுக்கு வருவது அபூர்வம். அவருக்கு எதற்கு அவ்வளவு சிரமம்? நாமே சொல்லிவிடப் போகிறோம்.

எங்கே வாங்குவது? தயாரித்த கம்பெனியிடம் வாங்கினால் விலை, கூரியர், கஸ்டம்ஸ் என்று நீண்டுகொண்டே போகும். உங்களிடம் இருப்பது 3,000 ரூபாய்க்கு டோஜ்காயின் என்றால் பெட்டி அதைவிட விலை அதிகம். அதனால் என்ன, கெத்துக்கு விலை உண்டா? ஆன்லைனில் யாரோ 'ஒரே ஒரு முறை பயன்படுத்தியது' என்று அரை விலைக்குப் போட்டிருப்பார். விடாதீர்கள். 2018 தொடக்கத்தில் வெளியான ஒரு செய்தி நமக்கு முன்னுதாரணம். ஈபேயில் லெட்ஜர் வாங்கிய ஒருவருக்குப் பெட்டியோடு ஒரு சுரண்டும் அட்டையும் வந்தது. சுரண்டினால் 24 மீட்புச் சொற்கள் தயாராக அச்சாகியிருந்தன. அந்தச் சொற்களைப் பெட்டி தானாக உருவாக்கித் தன் திரையில் காட்ட வேண்டும், வாங்கியவரைத் தவிர ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. அவர் அட்டையில் இருந்ததையே போட்டுக்கொண்டார். எழுதும் சிரமம் மிச்சம். சேமிப்பு மொத்தமும் போயிற்று. அட்டையை அச்சடித்தவரிடமும் அதே சாவி இருந்ததே!

கம்பெனியிடமே வாங்குகிற கண்ணியவானாக இருந்தால், சொந்தப் பெயர், வீட்டு விலாசம், தினமும் பேசும் போன் நம்பர் எல்லாவற்றையும் கொடுங்கள். 2020-ல் லெட்ஜரின் வாடிக்கையாளர் விவரம் திருடு போய், அந்த டிசம்பரில் சுமார் 2,72,000 பேரின் பெயரும் விலாசமும் போன் நம்பரும் இணையத்தில் கொட்டப்பட்டன. யார் யார் வீட்டில் கிரிப்டோ இருக்கிறது என்பதற்குக் கதவு எண்ணோடு ஒரு பட்டியல். மறு வருடம் அவர்களில் சிலருக்குத் தபாலில் புத்தம்புது லெட்ஜர் இலவசமாக வந்தது. பழையது பாதுகாப்பில்லை, இதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று கடிதமும் கூடவே. பிரித்துப் பார்த்தால் உள்ளே சாலிடர் வைத்து ஒட்டிய வேறு ஏதோ சாமான். வீடு தேடி வந்த பரிசைத் திருப்பி அனுப்புவது நம் வழக்கமில்லை, செருகிவிடுங்கள்.

இனி அந்த 24 சொற்கள். சீட் ஃபிரேஸ் என்பார்கள். 2013-ல் எழுதப்பட்ட பிஐபி-39 என்ற விதிப்படி, 2,048 எளிய சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து பெட்டி 12 அல்லது 24 சொற்களைப் பொறுக்கித் தரும். சாவியே அதுதான், பெட்டி வெறும் காவல்காரன். எந்தச் சொல்லையும் முதல் நான்கு எழுத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். வரிசை மட்டும் மாறக் கூடாது. ஜப்பானியம், கொரியன், ஸ்பானிஷ், செக் என்று பல மொழிகளில் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஆகவே ஆங்கிலச் சொற்களை, டாக்டர் கையெழுத்தில், மளிகைக் கடை ரசீதின் பின்பக்கத்தில் எழுதி, சமையலறை ஜன்னலோரம் செருகி வையுங்கள்.

எழுதச் சோம்பலா? போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். படம் தானாகவே கூகுள் போட்டோஸுக்குப் போகும், வீட்டு டேப்லெட்டுக்குப் போகும், அண்ணன் மகன் கேம் விளையாடும் பழைய போனுக்கும் போகும். ஆபத்துக்கு உதவும் என்று வாட்ஸ்அப்பில் உங்களுக்கே ஒருமுறை அனுப்பிக்கொள்ளுங்கள். இன்டர்நெட்டே தொடாத பெட்டியை அவ்வளவு விலை கொடுத்து எதற்கு வாங்கினீர்கள் என்று மைத்துனர் கேட்டால் கிரிக்கெட் பற்றிப் பேசுங்கள். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் ஸ்பார்க்கேட் என்ற திருட்டு மென்பொருளைப் பற்றி எழுதினார்கள். உணவு டெலிவரி போன்ற சாதாரண ஆப்களுக்குள் ஒளிந்துகொண்டு கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் உலவியது. கேலரியைப் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்தால், படங்களில் உள்ள எழுத்துகளைப் படித்து, சீட் ஃபிரேஸ் மாதிரித் தெரிவதை மட்டும் பொறுக்கி அனுப்பிவிடும். கல்யாண போட்டோக்களைச் சீண்டுவதில்லை. நாகரிகமான திருடன்.

புத்திசாலிகளுக்கு வேறு வழி இருக்கிறது. ஏழாவது சொல்லையும் பத்தொன்பதாவது சொல்லையும் இடம் மாற்றி எழுதுங்கள். எட்டாவதற்குப் பதில் குலதெய்வத்தின் பெயர். எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாது. நான்கு வருடம் கழித்து உங்களாலும் முடியாது. ஸ்டீஃபன் தாமஸ் என்ற புரோகிராமரிடம் 7,002 பிட்காயின்களின் சாவி அயர்ன்கீ என்ற பென்டிரைவுக்குள் இருந்தது. பத்து முறை பாஸ்வேர்டைத் தப்பாகப் போட்டால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பாஸ்வேர்டு எழுதிய தாளைத் தொலைத்துவிட்டு, நினைவிலிருந்து எட்டு முறை போட்டுப் பார்த்தார். எட்டும் தப்பு. இது தெரிந்து உலகமே உச்சுக்கொட்டியது 2021-ல்.

காகிதத்துக்குப் பெரிய எதிரி வீட்டைச் சுத்தம் செய்வது. வேல்ஸில் உள்ள நியூபோர்ட் நகரத்து ஜேம்ஸ் ஹவல்ஸின் பழைய ஹார்டு டிஸ்க் 2013-ல் குப்பைக்குப் போனது. அதில் சுமார் 8,000 பிட்காயின்களின் சாவி. குப்பைமேட்டைத் தோண்ட விடுங்கள் என்று நகரசபையோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டினார். 2025 ஜனவரியில் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. நமக்கு அவ்வளவு அலைச்சல் கிடையாது, போகி இருக்கிறது. பழைய டைரியோடு 24 சொற்களும் விடிவதற்குள் சாம்பலாகிவிடும், தோண்டுகிற பேச்சுக்கே இடமில்லை. இதைக் கெடுக்கவென்றே எஃகுத் தகட்டில் எழுத்தைக் குத்தி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். தீயிலும் தப்புமாம், வெள்ளத்திலும் தப்புமாம். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்தில் குடியிருந்தவர்களிடம் இந்தத் தகட்டைப் பற்றி வாய் திறக்காதீர்கள், உடனே வாங்கிவிடுவார்கள்.

பின் நம்பருக்கு அதிகம் யோசிக்க வேண்டாம், பிறந்த வருடம் போதும். மூன்று முறை தப்பாகப் போட்டால் லெட்ஜர் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும், ட்ரெசார் இன்னும் சில முறை கூடுதலாகப் பொறுக்கும். சொற்கள் பத்திரமாக இருந்தால் அழிந்ததில் ஒரு நஷ்டமும் இல்லை. மேலே சொன்னபடி நடந்துகொண்டவர்களுக்குத்தான் அது விசேஷம்.

பெட்டியில் ஒரு சின்னத் திரை இருக்கும். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் திரை பொய் சொல்லலாம்; காசு போக வேண்டிய வாலட் விலாசத்தைக் காப்பி செய்து ஒட்டுவதற்குள் வேறொன்றாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. அதனால்தான் யாருக்கு, எவ்வளவு போகிறது என்று பெட்டி தனியே காட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தச் சொல்கிறது. நீங்கள் படிக்காமல் அழுத்துங்கள். பெரிய இடங்களிலேயே அப்படித்தான் நடந்திருக்கிறது. வாசிர்எக்ஸில் பறிபோன வாலட்டைத் திறக்க ஒருவர் கையெழுத்து போதாது. மூன்று பேர் அவரவர் ஹார்டுவேர் வாலட்டில் ஒப்புதல் தர வேண்டும், அதற்குமேல் வாலட்டைப் பராமரித்த நிறுவனமும் ஒப்புதல் தர வேண்டும். எல்லாம் கிடைத்தன. கம்ப்யூட்டரில் தெரிந்தது ஒன்று, கையெழுத்தானது வேறொன்று என்று வாசிர்எக்ஸ் பிறகு விளக்கியது. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் இதே நாடகம் பெரிய மேடை ஏறியது. சுமார் 4,00,000 ஈதர், ஏறக்குறைய 150 கோடி டாலர். வழக்கமான பரிமாற்றம்தான் என்று கம்ப்யூட்டர் காட்டியது. பெட்டியின் திரையிலோ மனிதர் படிக்கிற மாதிரி எதுவும் இல்லை. அழுத்தினார்கள். வட கொரியாவின் கைவரிசை என்று எஃப்.பி.ஐ. அறிவித்தது. பெட்டி தன் வேலையைச் சரியாகவே செய்தது, சாவி வெளியே வரவில்லை. காசு போய்விட்டது.

இத்தனையும் செய்து காசு இன்னும் மிச்சமிருந்தால் ஊரெல்லாம் சொல்லுங்கள். டீக்கடையில் சொல்லுங்கள், ஸ்டேட்டஸில் போடுங்கள், பிட்காயின் படம் போட்ட டி-ஷர்ட்டில் கோயிலுக்குப் போங்கள். 2025 ஜனவரியில் லெட்ஜரை நிறுவியவர்களில் ஒருவரையே அவர் வீட்டிலிருந்து மனைவியோடு கடத்திப்போய், கிரிப்டோவில் பணயத்தொகை கேட்டு, விரலை வெட்டினார்கள். போலீஸ்தான் மீட்டது. அவர் கம்பெனி சிப்புக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

ஊருக்குச் சொன்னாலும் வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் சொல்லாதீர்கள். கனடாவின் குவாட்ரிகா எக்ஸ்சேஞ்சை நடத்திய ஜெரால்டு காட்டன் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தபோது, பாஸ்வேர்டு அவர் ஒருவருக்குத்தான் தெரியும் என்று வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்டது. விசாரித்ததில் அந்த வாலட்டுகள் முன்பே காலி, மோசடி என்று தெரிந்தது வேறு கதை. உங்கள் விஷயத்தில் வாலட்டில் காசு நிஜமாகவே இருக்கும், எடுக்கத்தான் ஆள் இருக்காது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவும் ஒரு சொத்துதான் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சொத்து என்றால் வாரிசு உண்டு. ஆனால் தாசில்தார் தருகிற வாரிசுச் சான்றிதழைக் காட்டினால் பிளாக்செயின் என்கிற அந்தக் கணக்குப் புத்தகம் இளகாது. லாபத்துக்கு 30 சதவீத வரி கேட்கும் வருமான வரித்துறையும் தொலைந்த சாவிக்குத் தள்ளுபடி தராது.

கடைசியாக, விளையாட்டில்லாமல் ஒன்று. பெட்டி வந்ததும் மொத்தத் தொகையையும் அதில் ஏற்றாதீர்கள். 500 ரூபாய் மதிப்புக்கு மட்டும் அனுப்பிப் பாருங்கள். பிறகு பெட்டியை ரீசெட் செய்து அழித்துவிட்டு, நீங்கள் கைப்பட எழுதிய 24 சொற்களை மட்டும் வைத்து மீட்டுப் பாருங்கள், பக்கத்தில் மனைவியையும் உட்கார வைத்துக்கொண்டு. அந்த 500 ரூபாய் திரும்பத் தெரிந்தால் மீதியை அனுப்புங்கள். தெரியாவிட்டால் போனது 500 ரூபாய்தான். புதுச் சொற்களை உருவாக்கி, இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக எழுதுங்கள்.