அனுப்புநர்: வடக்கெல்லை

பெறுநர்: உயர்திரு. அதிகாரி அவர்கள், கட்டட அனுமதிப் பிரிவு (ஊர் எதுவானாலும் பொருந்தும்)

பொருள்: சமையலறைச் சுவரில் விழுந்த விரிசலுக்குச் சுயசான்று வசதி கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெற்கு வீட்டுக்காரர் உங்கள் இணையதளத்தில் ஏற்றிய கிரயப் பத்திரத்தில், சொத்து விவரத்துக்குக் கீழே, ‘இன்னார் மனைக்குத் தெற்கு’ என்று ஒரு வரி வரும். அந்த இன்னார் நான்தான். அவர் வீடு கட்ட நீங்கள் அனுமதி கொடுத்தபோது உங்கள் காகிதங்களில் எனக்குக் கிடைத்த இடம் அவ்வளவே. திசைக்குத் தூக்கம் கெடாது, திசைக்கு இருமல் வராது, திசையின் சுவர் வாய் பிளக்காது. ஆகவே என்னை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று யாருக்கும் தோன்றாததில் குற்றம் காண்பதற்கில்லை.

முதலில் பாராட்டு. 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்ததிலிருந்து, 2500 சதுர அடிக்குள் மனை வைத்துக்கொண்டு 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுகிறவர் அலுவலகப் படியேற வேண்டியதில்லை. பத்திரத்தையும் வரைபடத்தையும் ஏற்றி, விதிப்படிதான் கட்டுவேன் என்று தமக்குத் தாமே சான்று சொல்லிக் கட்டணத்தைச் செலுத்தினால் அனுமதி வந்துவிடுகிறது. இதை நக்கலாகச் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துக்காகக் கவர் மேசை மேசையாக நகர்ந்த காலத்தைப் பார்த்தவன் நான். குடிமகன் சொல்லை அரசு அப்படியே நம்புவது பெரிய விஷயம். அந்த நம்பிக்கை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி இந்தப் பக்கமும் கொஞ்சம் சிந்தக் கூடாதா என்பதுதான் என் ஏக்கம்.

தெற்கில் கட்டப்போகிறார்கள் என்று எனக்கு எழுத்துமூலம் தெரிவித்த ஒரே ஆள் ஒரு வக்கீல். பதிவுத் தபாலில் கேவியட் நோட்டீஸ் வந்தது. நான் கோர்ட்டுக்குப் போய்த் தடை கேட்டால், தன் கட்சிக்காரரை விசாரிக்காமல் உத்தரவு போடக் கூடாது என்று முன்கூட்டியே மனுப் போட்டிருந்தார். சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவு. ஆயுள் 90 நாள். தடை கேட்கும் எண்ணமே எனக்கு அதுவரை இல்லை. தெற்கு வீட்டம்மா என் மனைவியை ‘அக்கா’ என்று கூப்பிட்டுக் கருவேப்பிலை பறித்துப் போகிறவர். பூமி பூஜைக்குச் சர்க்கரைப் பொங்கல்கூடக் கொடுத்தனுப்பினார். எவ்வளவு ஆழம் தோண்டப் போகிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஆக, ‘தோண்டப் போகிறேன்’ என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்ல உங்கள் படிவத்தில் இடமில்லை. ‘நீ வழக்குப் போட்டால் நான் தயார்’ என்று சொல்வதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது.

அடுத்து வாஸ்து. தண்ணீர்த் தொட்டி ஈசானிய மூலையில் வரவேண்டும் என்றார் தெற்கு வீட்டுக்காரரின் ஜோசியர். அவர் மனையின் வடகிழக்கு, என் மனையின் தென்கிழக்கை உரசிக்கொண்டு கிடக்கிறது. தென்கிழக்கு அக்னி மூலை என்று என் அப்பா அங்கே சமையலறை வைத்தார். இரண்டு தரப்பிலும் சாஸ்திரம் தவறவில்லை. அவருடைய நீருக்காகத் தோண்டியதில் என்னுடைய நெருப்பு விரிந்தது, அவ்வளவுதான்.

ஜே.சி.பி. வந்து குழியை என் கடைக்காலுக்கும் கீழே இறக்கிவிட்டது. ஓரத்தில் பலகையும் இல்லை, முட்டும் இல்லை. தோண்டும் வேலையின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 3764 என்றொரு இந்தியத் தரநிலை இருக்கிறது. குழிக்குள் நின்று மண் வழித்த இரண்டு பேரும் அதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மண் சரிந்தால் என் சுவருக்கு முன்னால் போவது அவர்கள் உயிர். மேஸ்திரியிடம் சொன்னேன். “கெட்டி மண்ணு சார். ரெண்டு நாள்ல கான்கிரீட் போட்டுடுவோம்” என்றார். மழை அந்த ரெண்டு நாளுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை, சமையலறை ஜன்னல் மூலையிலிருந்து தரையை நோக்கிச் சாய்வாக ஒரு கோடு இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு விரிசலைப் பற்றி எத்தனை அறிஞர்கள்! கான்ட்ராக்டர், “இது பழசு, வெயில்ல வந்தது” என்றார். அவருடைய இன்ஜினீயர், “ஹேர்லைன்தான்” என்றார். பெயின்டர், “பட்டி பார்த்தா போயிடும்” என்றார். எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர், விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைக்கச் சொன்னார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும். உடைந்தது. தெற்கு வீட்டுக்காரரை அழைத்து வந்து காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “கண்ணாடின்னா உடையத்தானே சார் செய்யும்” என்றார்.

உங்கள் அலுவலகத்துக்கும் வந்தேன். செட்பேக் விட்டிருக்கிறாரா, பிளான்படி கட்டுகிறாரா, இது மட்டும்தான் உங்கள் பார்வை என்றார்கள். விட்டிருக்கிறார். விட்ட அந்த இடத்தில்தான் குழியே இருக்கிறது என்றேன். தொட்டி தரைக்குக் கீழே இருப்பதால் கணக்கில் வராது என்றார்கள். காவல் நிலையத்தில் மரியாதையாக உட்காரவைத்து, ஒரு சி.எஸ்.ஆர். ரசீதும் தந்து, “இது சிவில் மேட்டர்” என்றார்கள். கோட்டாட்சியரிடம் போனால் நடக்கும் என்று ஒருவர் சொன்னார். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில், தொல்லையை அகற்ற உத்தரவிட வழி உண்டுதான். ஆனால் அது பொதுத் தொல்லைக்கு. என்னுடையது தனியார் தொல்லையாம். என் சுவர் தெருப்பக்கம் விழுந்தால் பொது. சமையலறைக்குள் விழுந்தால் சொந்த விஷயம்.

மிச்சம் நீதிமன்றம். அங்கே 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம் எனக்காக உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து மண் என் மண்ணுக்குக் கொடுக்கும் தாங்கலைப் பறிக்கக் கூடாது என்பது இயற்கை உரிமை. ஆனால் வெறும் மண்ணுக்குத்தான் அந்தச் சலுகை. மேலே நிற்கும் வீட்டுக்கும் தாங்கல் வேண்டுமென்றால், அது 20 ஆண்டு தடங்கலின்றி அப்படியே நின்று அனுபவித்ததை நான் நிரூபிக்க வேண்டும். நிரூபித்துவிடலாம், என் அப்பா கட்டிய வீடு. வக்கீல் கமிஷனர் வந்து பார்வையிடும் நாளுக்குள் தொட்டிக்கு ஸ்லாப் மூடி, மேலே துளசி மாடமும் வைத்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

இரவுக் கதை ஒன்றும் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை சத்தம் போடும் கட்டுமான இயந்திரத்தை அங்கே ஓட்டவே கூடாது. ரூஃப் கான்கிரீட் கலவை லாரி வந்தது இரவு பதினொன்றரைக்கு. ஏனென்று கேட்டால், பகல் நெரிசலில் கனரக வண்டியைப் போக்குவரத்துப் போலீஸ் உள்ளே விடமாட்டார்களாம். ஒரு துறையின் விதியைக் காப்பாற்ற இன்னொரு துறையின் விதியை மீறவேண்டியிருக்கிறது. இந்தத் துறைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதே இல்லை என்ற வகையில் அவைதான் உண்மையான பக்கத்து வீட்டுக்காரர்கள்.

நமக்கு ஈஸ்மென்ட் சட்டத்தைக் கொடுத்த வெள்ளைக்காரன் தன் ஊருக்கு 1996இல் தனியே ஒன்று எழுதிக்கொண்டான். இங்கிலாந்திலும் வேல்சிலும், பக்கத்துக் கட்டடத்துக்கு 3 மீட்டருக்குள் அதன் அஸ்திவாரத்தைவிட ஆழமாகத் தோண்டுகிறவர் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ளாவிட்டால் சர்வேயர்கள் வருவார்கள். தோண்டுவதற்கு முன் அந்தச் சுவர் எப்படியிருந்தது என்று படமெடுத்துக் குறித்து வைப்பது அங்கே வழக்கம். சர்வேயர் செலவு பெரும்பாலும் கட்டுகிறவர் தலையில். நமக்கு இதெல்லாம் ஒத்துவராது. அங்கே சர்க்கரைப் பொங்கல் கிடையாது. அதனால் காகிதம் தேவைப்படுகிறது.

இனி விண்ணப்பம். வீடு கட்டுகிறவருக்குச் சுயசான்று கொடுத்தீர்கள். அதே இணையதளத்தில் எனக்கும் ஒரு பொத்தான் வையுங்கள். விரிசலின் படத்தை ஏற்றி, ‘இது வெயிலில் வந்ததல்ல, குழியில் வந்தது’ என்று எனக்கு நானே சான்று சொல்லிக்கொள்வேன். கட்டணம் செலுத்தியதும், பக்கத்து வேலையை நிறுத்தச் சொல்லும் உத்தரவு க்யூ.ஆர். குறியுடன் வந்து இறங்கவேண்டும். கள ஆய்வு வேண்டாம்; அவருக்கும் நீங்கள் அதைச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பொய் சொல்ல மாட்டானா என்று நீங்கள் கேட்கலாம். கட்டுகிறவரை நம்பியதுபோல என்னையும் நம்புங்கள். இது அதிகப்படி என்று தோன்றினால், மாற்றாகச் சிறியதொன்று: அனுமதிப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் கூட்டுங்கள். ஒன்றில் தோண்டும் ஆழம். மற்றொன்றில், தோண்டுவதற்கு முன் நான்கு பக்கத்துச் சுவர்களும் இருந்த நிலையின் படம். பொத்தானைவிட இது செலவு குறைவு. ஆனால் இதைக் கேட்டால் சீரியஸாகக் கேட்பதுபோல ஆகிவிடுமே என்றுதான் இரண்டாவதாக வைத்தேன்.

இந்த மனுவில் தெற்கு வீட்டுக்காரரும் கையெழுத்திட முன்வந்திருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அவருக்குக் கிழக்கே காலி மனையாகக் கிடந்ததில் போன வாரம் ஜே.சி.பி. இறங்கியது. தபாலில் அவருக்கும் ஒரு கேவியட் வந்திருக்கிறது. மாலையில் வந்து, அந்தக் கண்ணாடித் துண்டு எந்தக் கடையில் கிடைக்கும், எதை வைத்து ஒட்டினீர்கள் என்று விசாரித்துப் போனார். கையெழுத்துக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைக்கிறார்: இந்தச் சுயசான்று வசதி எந்தத் தேதியில் வந்தாலும் சரி, அதற்கு முன்னால் விழுந்த விரிசல்களுக்குச் செல்லாது என்று அரசாணையில் தெளிவாகக் குறிப்பிட வேண்டுமாம்.