கறுப்புப் பூனை

கேள்வி: கறுப்புப் பூனை என்றால் ஐரோப்பாவிலும் அபசகுனமாமே, அந்தப் பயம் எங்கிருந்து வந்தது?

பதில்: 1233-ல் போப் ஒன்பதாம் கிரகோரி ஜெர்மனிக்கு எழுதிய ஆணையில், சாத்தானை வணங்குவோர் சடங்கில் ஒரு கறுப்புப் பூனை வருகிறது. புரளி பிடித்துக்கொண்டது. பின்னால் சூனியக்காரி வேட்டை நடந்தபோது, தனியாக வாழ்ந்த எத்தனையோ ஏழைக் கிழவிகளைத் தண்டித்தார்கள். அவர்கள் வளர்த்த பூனையைச் சாத்தானின் ஏவல் என்றார்கள். கொடுமை! இங்கிலாந்தின் பல ஊர்களிலோ கறுப்புப் பூனை எதிரே வந்தால் அதிர்ஷ்டம். ஜப்பானிலும் அப்படித்தான். கடல் தாண்டினால் ராசி மாறுகிறது, பூனை மாறவில்லை! எலியைத் துரத்தி ஓடுகிற பிராணிக்கு நீங்கள் எந்த வேலையாகப் புறப்பட்டீர்கள் என்று எப்படித் தெரியும்? குறுக்கே வந்தால் வண்டியை மெதுவாக்குங்கள், அது பத்திரமாகக் கடந்து போகட்டும்.