மேசைமேல் துப்பாக்கிச் சூடு: ஓர் ஆராய்ச்சி முன்னுரை

1. ஆய்வுப் பொருள்

மேசைமேல் நிற்கும் 28 மி.மீ. உயரப் பொம்மை வீரன், எதிரே நிற்கும் இன்னொருவனைச் சுட்டானா, சுட்டது பட்டதா என்று நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம். சுட்டவன் அசையவில்லை; சுடப்பட்டவனும் அசையவில்லை. சாட்சிகள் ஒரு பகடையும் ஓர் இஞ்சு டேப்பும் மட்டுமே. இதைவிட ஆய்வுக்குத் தோதான துறை அமையாது.

2. முன்னாய்வுகள்

1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ஃபான் ரைஸ்விட்ஸ், தம் கிரீக்ஸ்ஷ்பீல் ஆட்டத்தில் குண்டடியின் கணக்கைப் பகடையிடம் ஒப்படைத்தார். 1898இல் ஃப்ரெட் ஜேன் வெளியிட்ட கடற்போர் ஆட்டத்தில் ஊசி பதித்த மட்டையால் கப்பல் படத்தை அடிக்க வேண்டும். ஊசி குத்திய இடமே குண்டு விழுந்த இடம். எச்.ஜி. வெல்ஸ் இன்னும் நேரடியானவர். 1913இல் வந்த ‘லிட்டில் வார்ஸ்’ நூலின்படி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியில் மரக்குண்டைப் போட்டு நிஜமாகவே சுட வேண்டும். விழுந்தவன் செத்தவன்.

இந்த மூவரையும் பின்வந்த ஆய்வாளர்கள் தவறாமல் மேற்கோள் காட்டுகிறார்கள். காட்டியதைப் படித்திருக்கவும் வேண்டும் என்று முனைவர் பட்ட நெறியாளர்களே வற்புறுத்தாதபோது, பொம்மை விளையாடுபவர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

3. ஆயுத வகைப்பாடு

(அ) வில்: எய்யும்.

(ஆ) எறிகுண்டு: எறிந்தவனும் தள்ளி நிற்பது நலம்.

(இ) போல்ட்கன்: இது விரிவாக நோக்கத்தக்கது. 1987இல் ரிக் பிரீஸ்ட்லி எழுதி வெளிவந்த ‘வார்ஹேமர் 40,000’ ஆட்டத்தின் புகழ்பெற்ற துப்பாக்கி இது. கதை நடப்பது கி.பி. 40,000க்கும் அப்பால், துப்பாக்கியின் வீச்சு 24 இஞ்சு. பொம்மையை 60 மடங்கு பெரிதாக்கினால் ஆள் உயரம் வரும். வீச்சையும் அப்படியே பெருக்கினால் ஏறத்தாழ 37 மீட்டர். இரண்டு கிரிக்கெட் பிட்ச் நீளம்கூட இல்லை. வெல்ஸின் பொம்மைப் பீரங்கியோ 9 கெஜத்துக்கு, அதாவது 8 மீட்டருக்கு அப்பால் நிற்கும் சிப்பாயைப் பத்துக்கு ஒன்பது முறை வீழ்த்தும் என்பது அவர் வாக்கு. வருங்காலத்தின் போல்ட்கன் அதே அறையில் 61 செ.மீ. தாண்டாது.

காரணம் எளிது. ஆறுக்கு நான்கு அடி மேசையில் குண்டு நிஜத் தூரம் போனால், ஒளிந்து ஒளிந்து முன்னேற யாருக்கும் வேலை இருக்காது. ஆக, வீச்சை முடிவு செய்பவர் துப்பாக்கி செய்தவர் அல்லர், மேசை செய்த தச்சர்.

4. ஆறுமுகப் பகடையில் ஏழு போடுதல்

1995இல் வந்த ‘நெக்ரொமுண்டா’ ஆட்டத்தில் கத்துக்குட்டி ஒருவன் சுட 5 அல்லது 6 விழ வேண்டும். எதிரி முழு மறைவில் இருந்தால் விழுந்த எண்ணில் இரண்டு கழியும். அப்போது தேவை 7. விதி அஞ்சவில்லை: முதலில் 6 போடு, பிறகு நான்கோ அதற்கு மேலோ போடு. வாய்ப்பு பன்னிரண்டில் ஒன்று. கத்துக்குட்டிகள் சளைக்காமல் சுடுகிறார்கள்.

5. முட்டிபோட்டவன் சிக்கல்

‘வார்ஹேமர் 40,000’இன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பு, பொம்மையின் கண்ணிலிருந்து எதிரியின் உடல் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லிற்று. கொடியும் ஆன்டெனாவும் உடலில் சேராது. வளர்ந்த மனிதர்கள் மேசையில் கன்னம் பதித்து ஒற்றைக் கண்ணால் நோக்கலானார்கள்.

இங்கேதான் முட்டிபோட்டு வார்க்கப்பட்ட வீரன் குழப்பம் விளைவிக்கிறான். அவன் முட்டிபோட்டபடியே ஓடுகிறான், முட்டிபோட்டபடியே ஏணி ஏறுகிறான், குட்டைச் சுவருக்குப் பின்னால் சொகுசாக மறைகிறான். நின்றபடி வார்க்கப்பட்ட தோழனோ அதே சுவருக்குப் பின்னால் சாகிறான். இது வீரமா, வார்ப்பா? (காண்க: விதிநூல், விதிநூலின் பிழைத்திருத்தம், பிழைத்திருத்தத்துக்கான விளக்கம், மேலது, ஓரத்துப் பென்சில் குறிப்பு, காபிக் கறைக்குச் சற்று வடக்கே.) ஓர் ஒற்று மிகுமா மிகாதா என்று கருத்தரங்கம் கூட்டி, மலர் வெளியிட்டு, பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட அறிஞர்களுக்கு இதன் தீவிரம் விளங்கும்.

ஸ்பெயினின் ‘இன்ஃபினிட்டி’ ஆட்டம் ஒவ்வொரு வீரனையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உருளையாகக் கொள்ளச் சொல்லி வழக்கை முடித்துவைத்தது. வழக்கு முடிந்ததில் ஆய்வாளர்களுக்கு வருத்தமே.

6. மேலாய்வுக்கு உரியவை

மேசையிலிருந்து உருண்டு சோபாவுக்கு அடியில் போய் 6 காட்டும் பகடை செல்லுமா? போட்டவர் செல்லும் என்கிறார். எதிராளி செல்லாது என்கிறார். குனிந்து பார்க்க ஐந்தாண்டு நிதிநல்கை வேண்டும் என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒரே கருத்து.