காற்றுக்கு நிரந்தர உத்தியோகம்

ஆகாயத்தில் பதினாயிரத்துக்கு நாலு என்ற விகிதத்தில் திரியும் கரியமில வாயுவைத் தேடிப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு ஸ்தாபனத்தில், விண்ணப்பக் குவியலுக்குள் தகுந்த மனிதரைத் தேடிப் பிடிக்கும் மனிதவள அதிகாரியின் உத்தியோகம் அப்படியொன்றும் அந்நியமானதல்ல. 2009-இல் ஸ்விட்ஸர்லாந்தில் பிறந்த கிளைம்வொர்க்ஸ் என்னும் அந்த ஸ்தாபனம், ஐஸ்லாந்தில் 2021-இல் ‘ஓர்கா’ என்ற ஆலையையும், வருஷத்துக்கு 36,000 டன் வாயு விழுங்கும் என்ற சங்கல்பத்தோடு 2024-இல் ‘மம்மத்’ ஆலையையும் இயக்கத் தொடங்கியது. அங்கே விசிறிகள் காற்றை இழுக்கின்றன. வடிகட்டி வாயுவைப் பற்றிக்கொள்கிறது. சுமார் நூறு டிகிரி உஷ்ணம் ஏற்றினால் பற்றியதை விட்டுவிடுகிறது. உஷ்ணம் ஏறியதும் கைவிடும் இந்த வித்தையை நிர்வாகம் யந்திரத்துக்குப் போதித்ததோ, யந்திரம் நிர்வாகத்துக்குப் போதித்ததோ, அறியேன். 2025 மே மாதத்தில் அந்த ஸ்தாபனம் நூறு பேருக்குமேல் ஊழியர்களை விடுவிக்கப்போவதாக அறிவித்தது. பிடிபட்ட வாயுவோ, நீரில் கரைந்து எரிமலைப் பாறைக்குள் இறங்கி, இரண்டு வருஷத் தகுதிகாண் பருவம் முடியுமுன்னரே பெரும்பகுதி கல்லாய்ச் சமைந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு அசைக்கவொண்ணாதபடி நிரந்தரமாகிவிடுகிறது. விடுவிப்புக் கடிதங்களில் கையெழுத்திட்டுக்கொண்டிருந்த மனிதவள அதிகாரி, தம் பெயரும் பட்டியலில் உண்டா என்று எண்ணிய ஒரு க்ஷணத்தில், அந்தக் கல்லைக் குறித்துச் சிறிது பொறாமைப்பட்டிருக்கவும் கூடும்.