பைக்குக்கு ஒரு வரன் விசாரணை

கொலம்பஸ், ஒஹையோ

அன்புள்ள மாமாவுக்கு,

18-ஆம் கால்வாயில தண்ணி திறந்தாச்சா? பன்னீர் திராட்சை என்ன விலை போகுது?

நான் பழைய பைக் ஒண்ணு வாங்கிட்டேன். அம்மா காதுக்குப் போக வேண்டாம். இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல இறக்கினா வம்புன்னு ஒரு கம்பெனிக்குப் போன் போட்டேன். அங்கே பேசின அம்மணி வண்டியைப் பத்தி ரெண்டு கேள்வியோட நிறுத்திட்டு, வயசென்ன, கல்யாணம் ஆச்சா, சொந்த வீடா வாடகையான்னு ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம சின்னமனூர்த் தரகர்தான் குரலை மாத்திப் பேசுறாரோன்னு நினைச்சேன். நட்சத்திரம் ஒண்ணுதான் கேக்கல.

"சொந்த வீடுதான். கம்பத்துல மாடி வீடு, கிணறு, நாலு தென்னை"ன்னேன். "கம்பம் எந்த மாநிலம்?"னாங்க. சொன்னேன். வாடகைக்காரன்னு எழுதிக்கிட்டாங்க.

இங்கே பல கம்பெனியில சொந்த வீடு இருந்தா பைக்குக்குத் தள்ளுபடி. வீட்டையும் அவங்ககிட்டயே இன்சூர் பண்ணினா இன்னும் குறையும். சொந்த வீட்டுக்காரங்க கிளெய்ம் கேட்டு வர்றது குறைவு, தவணை தப்ப மாட்டாங்கன்னு அவங்க கணக்கு. அந்த வீடு 30 வருஷ பேங்க் கடன்ல நின்னாலும் அவன் சொந்த வீட்டுக்காரன்தான்! அஞ்சு பைசா கடன் இல்லாத நான் வாடகைக்காரன். போதாக்குறைக்கு, கடன் வாங்கி ஒழுங்காத் திருப்பினவனுக்கு மார்க் போட்டு, அதையும் பிரீமியத்துல சேர்க்கிறாங்க. கடனே வாங்காதவனுக்கு ஊர்ல பெருமை, இங்கே ஜாதகமே இல்லை.

கலிபோர்னியாவுல இருக்கிற நம்ம ஊர்ப் பய ஒருத்தன் இதைக் கேட்டுச் சிரிக்கிறான். அங்கே 1988-லயே ஜனங்க ஓட்டுப் போட்டு, கார் இன்சூரன்ஸுக்கு எப்படி ஓட்டினே, எவ்வளவு தூரம் ஓட்டுறே, எத்தனை வருஷ அனுபவம்னுதான் முதல்ல பார்க்கணும்னு சட்டம் போட்டுட்டாங்க.

அப்பத்தான் உங்க டிவிஎஸ் எக்செல் 100 மொபெட்டை நினைச்சேன். முன்னால ரெண்டு பெட்டி, பின்னால மூணு, நடுவுல நீங்க. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸுக்கு நம்ம ஊர்ல சிசியைத்தானே பார்க்கிறாங்க? 2022-ல வச்ச கணக்குப்படி 75-க்கு மேல 150 சிசி வரைக்கும் வருஷத்துக்கு 714 ரூபாய், 350-க்கு மேல 2,804, வரி தனி. ஏலத்தோட்ட முதலாளி எக்செல்ல போனாலும் 714, அவர் தோட்டத்துல காய் எடுக்கிறவர் போனாலும் 714. வண்டிக்கு அடிபட்டாத் தர்ற இன்சூரன்ஸுல மட்டும் ஊர் பார்ப்பாங்க: சென்னை மாதிரி 8 பெருநகரம் ஒரு மண்டலம், தேனியும் மிச்ச ஊரும் இன்னொண்ணு. வீட்டுப் பத்திரத்தை எவனும் கேக்கிறதில்ல.

ஒரே ஒரு விஷயம், மாமா. கல்யாணம் ஆனவங்களுக்கும் இங்கே பிரீமியம் குறைவு. இது மட்டும் அம்மாவுக்குத் தெரிஞ்சா, பைக் வாங்கினதைக்கூட மன்னிச்சுட்டு அன்னைக்கே தரகர் வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்