அரை பிளேடும் முகத்தின் ஐந்திணையும்: ஓர் ஆய்வு

இந்த ஆய்வின் களம் ஆய்வாளரின் முகம். மாதிரிகளின் எண்ணிக்கை ஒன்று. வலக் கன்னம் சோதனைக்கும் இடக் கன்னம் ஒப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. நான்காம் நாள் ஆர்வ மிகுதியால் இரண்டிலும் பிளாஸ்திரி ஏறிவிட்டது. ஒப்பிட எதுவும் மிஞ்சவில்லை என்ற குறையை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

கருவி நமக்குப் பழக்கமானதுதான். சலூன் நாற்காலியில் கண்ணை மூடிக் கழுத்தை நீட்டுகிறோமே, அந்த மடக்குக் கத்தி. அதை வைத்து எனக்கு நானே சவரம் செய்துகொள்வதுதான் சோதனை. பழைய கத்திக்கு எஃகு அலகு உண்டு. தோல் வாரில் தீட்டித் தீட்டி ஒரு தலைமுறைக்கு ஓட்டினார்கள். இன்றைய கத்திக்குச் சொந்தப் பல் கிடையாது. ஆளுக்கொரு தடவை பல்செட் மாற்றிக்கொள்கிறது. அந்தப் பல்செட், கடையில் விற்கும் இருபக்க பிளேடில் பாதி.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கை இருக்கிறது. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் தன் ரேசருக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த கத்தியை மனிதர் கையிலிருந்து பிடுங்கி, பிளேடைத் தகட்டுக்குள் பூட்டி வைத்தது அந்த ரேசர். நம் சலூன்காரர்கள் அதே பிளேடை வாங்கினார்கள், நடுவில் ஒடித்தார்கள், திறந்த கத்திக்குள்ளேயே செருகிவிட்டார்கள்.

ஒடிப்பது எளிது. பிளேடின் கனம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். நடுவில் ஏற்கெனவே துளை வெட்டியிருப்பதால் இரு முனைகள் மட்டுமே ஒடிய வேண்டும். காகித உறையோடு நீளவாக்கில் மடக்கினால் 'டக்' என்று பிரியும். உறையைப் பிரித்துவிட்டு ஒடிப்பவர், ஆய்வை விரலோடு முடித்துக்கொள்வார். ஒடித்ததில் ஒரு பாதி கத்திக்குப் போகிறது. மறுபாதி எங்கே போகிறது என்ற கேள்வியைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

பாரிஸில் கத்தி செய்துவந்த ழான் ழாக் பெரே, தனக்குத்தானே சவரம் செய்துகொள்ளும் கலை பற்றிப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். எனவே இந்தக் கட்டுரை நீளம் என்று யாரும் முணுமுணுக்க முடியாது. (சலிப்பூட்டும் பேச்சைத் தமிழர்கள் 'பிளேடு' என்பது தற்செயலா என்பது தனி ஆய்வுக்குரியது.)

இனி நிலப் பகுப்பு. முகத்தை ஒரே சமவெளி என்று நினைப்பதால்தான் ரத்தம் வருகிறது. முகத்தில் ஐந்து திணைகள் உண்டு.

கன்னம் மருதம். அகன்ற வயல், பயிர் ஒரே திசையில் சாய்ந்திருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வாரம் இங்கேயே உழுதுவிட்டு, மீதியைப் பழைய ரேசரிடம் ஒப்படைப்பது நல்லது. மோவாய் குறிஞ்சி. இதன் உரிப்பொருள் புணர்தல் என்கிறது இலக்கணம். கத்தியும் எலும்பும் புணர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் மோவாயில் சான்று இருக்கிறது. கழுத்து முல்லை. முடி இங்கே காடு, ஒரு பிடி கிழக்கே, ஒரு பிடி தெற்கே. உரிப்பொருளான இருத்தலைக் கடைப்பிடித்து, முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதல் நாளே தடவிப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். உதட்டோரம் நெய்தல்; எப்போதும் ஈரம், எப்போதும் இரங்கல்.

பாலைக்குத் தனி நிலம் கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெப்பத்தில் திரிந்து பாலையாகும் என்பது மரபு. "இன்னும் கொஞ்சம் வழவழப்பாக இருக்கட்டும்" என்று ஒரே இடத்தை நாலாவது முறை வழித்தால் மோவாயும் கழுத்தும் எரிந்து சிவப்பதை நேரில் கண்டபோது, முன்னோரின் நுண்ணறிவை வியந்தேன். பாலையின் உரிப்பொருள் பிரிதல். பிரிந்தது தோல்.

கோணத்துக்கு வருவோம். கத்தி தோலோடு ஏறத்தாழ முப்பது பாகையில் சாய்ந்திருக்க வேண்டும். படுத்தால் முடியைப் பிடித்து இழுக்கும். நிமிர்ந்தால் தோலைச் சீவும். அழுத்தம் கூடவே கூடாது, கத்தியின் கனமே போதும். இதை முகத்தில் பழகுவதற்கு முன், ஊதிய பலூனில் நுரை பூசி வழித்துப் பார்க்கலாம். நான் மூன்று பலூன்களை இழந்தேன். வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

ஆனால் இந்த ஆய்வின் உண்மையான கண்டுபிடிப்பு கத்தி பிடித்த கையில் இல்லை. சவரம் செய்வது மற்றொரு கை. தோலை அது இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு வழுக்கும். தொய்ந்த தோலில் பிளேடின் முனை கொத்தும். வலக் கிருதாவை வழிக்கும்போது இடக் கை உச்சந்தலைக்கு மேலே வளைந்து வந்து காதோரத் தோலை மேலே இழுக்க வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதைக் கேலி என்று நினைத்திருந்தேன். இங்கே அதுதான் செய்முறை. நுரை பட்ட விரல் வழுக்கும் என்பதால், இழுக்கும் விரலைத் துண்டில் துடைத்துக்கொள்வதும் செய்முறையில் அடக்கம்.

பிறகு படிகாரம். ஈர முகத்தில் தேய்த்தால் சிறு கீறல்களின் ரத்தம் நிற்கும். அதைவிட முக்கியம், எங்கெங்கே தவறு செய்தோம் என்று ஒவ்வொரு இடமாக எரிந்து காட்டும். இவ்வளவு நேர்மையான தேர்வாளரை நான் பல்கலைக்கழகத்தில் சந்தித்ததில்லை.

மூன்றாம் வாரம் முடிவெட்ட எங்கள் தெரு சலூனுக்குப் போனேன். அண்ணன் மோவாயைத் திருப்பிப் பார்த்தார்.

"சொந்த முயற்சியா தம்பி?"

"ஆமாண்ணே."

வேறொன்றும் கேட்கவில்லை. முடியை வெட்டி முடித்து, பிடரியை வழிக்க ஒரு பிளேடை உறையோடு ஒடித்தார். டக். கத்தி வருவதற்கு முன் அவருடைய இடக்கைக் கட்டைவிரல் வந்து தோலை இழுத்து நின்றது. இத்தனை வருடமாக அந்த விரல் அங்கே இருந்திருக்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒத்திவைத்த கேள்வியைக் கேட்டேன். "மீதிப் பாதியை என்னண்ணே செய்வீங்க?"

"அடுத்த ஆளுக்கு."

உறையில் இன்னும் தொடப்படாமல் அது மேசையில் கிடந்தது. பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். ஒரே பிளேடைப் பங்கிட்டுக்கொள்ளும் இருவர் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று யோசித்தேன். பங்காளி என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டேன்.