கொலுசுத் தராசும் மிதிமூட்டையாரும்

சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டைப் பார்த்த வீடு என்றதும் காற்று வரும் என்றுதான் வாங்கினேன். காற்று வந்தது. கோடை விழா சமயத்தில் சொந்தக்காரர்கள் வந்தார்கள். அதுவும் எதிர்பார்த்ததுதான். மிதிமூட்டையார்கள் வருவார்கள் என்று மட்டும் புரோக்கர் சொல்லவில்லை.

மிதிமூட்டையார் என்பது நான் வைத்த பெயர். அவர் தன்னை ‘பைக்பேக்கர்’ என்பார். பைக் என்றதும் புல்லட்டைத் தேடாதீர்கள், மிதிக்கிற சைக்கிள்தான். ஹாண்டில்பாரில் ஒரு மூட்டை, சட்டத்தின் முக்கோணத்துக்குள் ஒரு மூட்டை, சீட்டுக்குப் பின்னால் குளவிக்கூடு மாதிரி ஒரு மூட்டை. கேரியர் கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன், காபி ஆறிப்போயிற்று.

ஊர் பெங்களூரு அல்லது சென்னையில் ஓ.எம்.ஆர். வயது முப்பத்தைந்தை ஒட்டி. யாராவது ஒரு நண்பருக்கு நண்பர் என்ற முறையில் வெள்ளிக்கிழமை ராத்திரி வந்து இறங்குவார். மாடியறையில் படுக்கை. மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டும் என்பார். எட்டரைக்குக் கிளம்புவார். இடையில் நடப்பதுதான் எடை போடுதல்.

போன ஆனி மாதம் வந்தவர் தன்னுடைய கைத்தராசைக் கொண்டுவர மறந்துவிட்டார். முகம் செத்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், மில்லி கிராம் காட்டும் தராசு அவரிடம் உண்டு என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பட்டறையில் கொலுசு வேலை நடக்கவில்லை. ஸ்பூனிலிருந்து ஸ்பேர் செருப்பு வரை தட்டில் ஏறி இறங்கியது.

“இது என்ன வெள்ளி தம்பி?”

“டைட்டானியம் சார்.”

“டச் எவ்வளவு?”

தம்பி விழித்தார். டச் என்றால் வெள்ளியின் சுத்தம். பக்கத்து வீட்டுக்காரர் ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பதினேழு கிராம் இருநூறு மில்லி. இந்த விலைக்கு நான் அரை ஜோடி கொலுசே கொடுப்பேனே, சேதாரம் இல்லாம” என்றார். அந்த இருநூறு மில்லி தம்பியை உறுத்தியது என்று நினைக்கிறேன். கம்பெனிக்காரன் பதினேழு என்றுதான் போட்டிருந்தானாம்.

இவ்வளவு சல்லடை போட்டுச் சலித்த மனிதர், கிளம்பும் முன் தெருமுனையில் தட்டுவடை செட் கடை இருப்பதை விசாரித்துக்கொண்டதை நான் கவனித்தேன். மூன்று செட் சாப்பிட்டார். இரண்டைக் கட்டச் சொன்னார். அவை தராசில் ஏறவில்லை.

திட்டம் பெரிது. முதல்நாள் ஏற்காடு, அங்கிருந்து நாகலூர். இரண்டாம் நாள் சேர்வராயன் மலையைச் சுற்றி மண்பாதைகள். அப்புறம் கிழக்கே இறங்கிக் கல்வராயன், அங்கிருந்து பச்சைமலை, கடைசியாக எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலை. மொத்தம் ஐந்து நாள். இதை ஒரு ஊதாக் கோடாகப் போனில் காட்டினார். “இந்த ரூட் யாருமே பண்ணினதில்லண்ணே.” காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு, மலைக்கொருவராகப் பிரிந்து குடியேறினார்கள் என்று இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் கதை சொல்வார்கள். சட்ட மூட்டை இல்லாமல் அவர்கள் எப்படிச் சமாளித்தார்களோ.

சைக்கிள் வரலாற்றில் தம்பியை மடக்க முடியாது. கனடாவில் பான்ஃபில் தொடங்கி மெக்சிகோ எல்லையில் முடிகிற டூர் டிவைட் பற்றி, நாலாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் தானே மிதித்த மாதிரி விவரித்தார். 1923-இல் பம்பாயிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றி, 71,000 கிலோமீட்டர் மிதித்து, 1928-இல் வீடு திரும்பிய பார்சி இளைஞர்கள் ஹக்கீம், பாப்பாசோலா, பும்காரா பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் தழுதழுத்தது. அவர்களிடம் கேரியர் இருந்ததா என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். தம்பி ஷூ லேஸைக் கட்டத் தொடங்கினார்.

ஆள் கிளம்பிப் போய் வெகுநேரம் கழித்து மிக்ஸிக்குப் பக்கத்தில் ஒரு ஒயர் கிடந்ததைப் பார்த்தோம். ஊதாக் கோட்டுக்கு உயிர் கொடுக்கிற கருவிக்கு அதுதான் சார்ஜர் ஒயராம். நம் வீட்டு ஒயர் எதுவும் அதில் சேராது. போன் போட்டால், “அண்ணே, ஒண்ணும் அவசரமில்ல, நாகலூர்லதான் இருப்பேன்” என்று மூச்சிரைத்தது. அந்த மூச்சிரைப்பில் அவசரம் இருந்தது. ஸ்கூட்டரை எடுத்தேன்.

சேலம் கடல்மட்டத்துக்கு மேலே 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரில். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் பலகை. 1820களில் கலெக்டர் காக்பர்ன் இந்த மலையில் காபி பயிரிட முனைந்தபோது இந்த ரோடெல்லாம் கிடையாது. கன்றுகளுக்குப் பாவம் கியரும் கிடையாது. தம்பிக்கு இருந்தது. முன்னால் 32 பல், பின்னால் 51 பல். அதாவது ஒரு சுற்று மிதித்தால் வண்டி ஒன்றரை மீட்டர்கூட நகராது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் சொச்சம். கைவீசி நடக்கிறவனின் வேகம். மேலே போகும் பஸ்ஸின் ஜன்னல்களில் குழந்தைகள் டாட்டா காட்டுவார்கள். கீழே இறங்கும்போது அதே குழந்தைகள் அதே ஆளுக்கு இன்னொரு டாட்டா காட்டவேண்டியிருக்கும்.

நான் அவரைப் பிடித்தது ஏற்காடு தாண்டி, நாகலூர் நெருங்கும் இடத்தில். பெரிய ரோட்டில் போயிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார். வரைபடத்தில் புள்ளிப்புள்ளியாக ஒரு பாதை தெரிந்ததாம். மனிதக் கால் படாத ஒற்றையடிப் பாதை என்று அதில் இறங்கியிருக்கிறார். சில்வர் ஓக் மரங்கள், அவற்றைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடி, அடியில் காபிச் செடி, பனிமூட்டம். கவிதை மாதிரி இருந்ததாம். அப்போது எதிரே ரேஷன் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஐந்து பெண்கள் வந்திருக்கிறார்கள்.

அதுதான் ரேஷன் கடைக்குப் போகிற வழி.

அதில் ஒரு பாட்டி நின்று, “ஏன் சாமி தள்ளிக்கிட்டு வர்ற, வண்டி கெட்டுப்போச்சா?” என்று கேட்டிருக்கிறார். கெடவில்லை, ஏற்றம் அதிகம், அதனால் தள்ளுகிறேன் என்று சொன்னாராம். “அப்ப எதுக்கு சாமி அதைக் கொண்டாந்த?” இந்தக் கேள்விக்குப் பெங்களூரில் ஒரு கருத்தரங்கே நடத்தலாம். தம்பியிடம் பதில் இல்லை. பாட்டியின் தலையில் இருந்தது எத்தனை கிலோ என்று மட்டும் அவர் மனசுக்குள் கணக்குப் போட்டதாக என்னிடம் பிறகு ஒப்புக்கொண்டார்.

பேச்சை மாற்ற, “நீங்க எந்த ஊரு பாட்டி?” என்றிருக்கிறார். “நாங்க மலையாளிங்க” என்றார் பாட்டி. தம்பி உற்சாகமாகி, “சுகமாணோ?” என்று ஆரம்பித்துவிட்டார். ஐந்து பெண்களும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள். இந்த மலைகளில் மலையாளி என்றால் மலையில் வாழ்கிறவர் என்று பொருள், கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அவர்கள் பேசுவது தமிழ் என்று நான் முதல்நாளே சொல்லியிருக்கவேண்டும். நான் கேரியரில் மாட்டிக்கொண்டிருந்தேன்.

நாகலூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் ஆள் ஆளானார். இந்த இனத்தின் சூட்சுமத்தை நான் அங்கேதான் பிடித்தேன். தனிமை தேடிப் போவதாக இவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். மலையில் டீக்கடை இருக்கவேண்டும், பெஞ்ச் இருக்கவேண்டும், அதில் வேலைவெட்டி முடிந்த நாலு பேர் இருக்கவேண்டும், அவர்கள் சைக்கிளைச் சுற்றிவந்து “இது என்ன வெல சார்?” என்று கேட்கவேண்டும். தம்பி விலையில் மூன்றில் ஒரு பங்கைச் சொன்னார். அதற்கே ஒருவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “ரெண்டு எக்ஸ்.எல். வாங்கலாமே!”

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். வந்து நின்றது. முன்னால் காலிடுக்கில் கேஸ் சிலிண்டர், பின்னால் ஒரு மூட்டை மிளகு, மூட்டைக்குமேல் ஒரு பையன், பையன் மடியில் கோழி. தம்பி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எடை விநியோகம் என்றால் அதுதான் எடை விநியோகம்.

கிளம்பலாம் என்று சைக்கிளைத் தொட்டால் பின் டயர் சீறியது. ஏதோ முள். டியூப் இல்லாத டயர், உள்ளே வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றியிருப்பார்கள். ஓட்டை விழுந்தால் அதுவே பொங்கிவந்து அடைத்துக்கொள்ளும். பொங்கியது. டீக்கடைக்காரர் விரலால் தொட்டு உருட்டிப் பார்த்து, “பலாப் பால் மாதிரியில்ல ஒட்டுது?” என்றார். தம்பி ஜெர்மன் தொழில்நுட்பம் என்று ஏதோ சொன்னார். கடைக்காரர் சொன்னதுதான் சரி. அந்த மாதிரிச் சரக்கில் பெரும்பாலும் இருப்பது ரப்பர் மரத்துப் பால்தான். பலா, ரப்பர் இரண்டும் வெட்டினால் வடிகிற வகை. “தேங்கெண்ணெய் தடவுங்க, போயிடும்” என்று கைவைத்தியமும் சொன்னார்.

அடுத்து இருட்டும் நேரத்துப் பிரச்சினை. கூடாரம். ஒரு கிலோ நூறு கிராம், பகுதி பகுதியாக ஏற்றி இறக்கிய பட்டறைத் தராசு சாட்சி. காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் அதை விரிக்க முடியாது. மீதி நிலமெல்லாம் எஸ்டேட். ஒரு எஸ்டேட் வாட்ச்மேன், “தாராளமா போடுங்க சார், என்ன, காட்டுமாடு ராத்திரி இந்தப் பக்கமா தான் தண்ணிக்குப் போகும்” என்று நாகரிகமாகச் சொன்னார். காட்டெருமை ஒன்று ஆயிரம் கிலோ வரை போகும். ஊதாக் கோட்டில் அது இல்லை. தம்பி ஏற்காட்டுக்குத் திரும்பி லாட்ஜில் அறை எடுத்தார். கூடாரத்தை அறைக்குள் விரித்துக் காயப்போட்டு, அதை ஒரு படம் எடுத்து, ஜன்னல் தெரியாதபடி வெட்டினார். எனக்கு மட்டும் தெரியும். நான் ஒயரைக் கொடுத்துவிட்டு அந்த அறையில்தான் பஜ்ஜி சாப்பிட்டேன்.

கேலி செய்கிறேனே தவிர, ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் பாவம். மறுநாள் அவர் ஏற்காட்டு வளையச் சாலை முப்பத்திரண்டு கிலோமீட்டரையும் மிதித்தார். மழையில். நான் ஸ்கூட்டரில் முப்பது வருஷமாகப் போய்வரும் ரோடு. எந்தத் திருப்பத்தில் மிளகு வாசனை வரும், எந்த வீட்டு நாய் எந்தத் தூரம் வரை துரத்தும், எந்தக் கோயில் திண்ணையில் மழைக்கு ஒதுங்கலாம் என்று அன்று ராத்திரி போனில் எனக்கே பாடம் நடத்தினார். மணிக்கு ஐந்து கிலோமீட்டரில் போகிறவனுக்கு நாயின் பெயர்கூடத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாம் நாள் காலை மீண்டும் நாகலூர். மறக்காமல் அந்தப் பாட்டி வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறார். வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற வழக்கம் அந்த மலையில் கிடையாது. முற்றத்து மரத்திலிருந்து ஒரு பலாப்பழம் இறங்கியது. தம்பி ‘லக்கேஜ்’, ‘பேலன்ஸ்’, ‘ஐந்து நாள்’ என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். பாட்டியின் பேரன் அதற்குள் எக்ஸ்.எல்.லிலிருந்து டியூப் கயிற்றை அவிழ்த்து வந்து, குளவிக்கூட்டு மூட்டையின்மேல் பழத்தை வைத்து இறுக்கிக் கட்டிவிட்டான். கட்டி முடித்துவிட்டு, “கேரியர் இருந்தா நல்லா நிக்கும் சார்” என்றானாம்.

பலாப்பழத்தோடு கல்வராயன் ஏற முடியுமா? கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை எல்லாம் அடுத்த லீவுக்குப் போயின. குப்பனூர் வழியாக இறங்கியிருக்கிறார். அன்று சாயங்காலம் கீழேயிருந்து போன் வந்தது.

“அண்ணே, பிரேக்லேருந்து தீஞ்ச வாசனை வருது. பழத்துக்கு ஒண்ணும் ஆகல. ஏழு மணிக்குள்ள வந்துருவேன். அந்தக் கொலுசுப் பட்டறை ராத்திரி திறந்திருக்குமா?”

“எதுக்கு தம்பி?”

“மொத்த எடை போடாம ஆப்ல ரைடை முடிக்க முடியாதுண்ணே.”

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். தராசு ஐந்நூறு கிராம்தான் தாங்கும், வேண்டுமானால் சுளை சுளையாகக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார்.